மூன்றாம் படியில் கீது

காலை 6.20. மாம்பலம்.

சங்கரன்கோவிலில் முந்தின நாள் மாலை ரயில் ஏறியவன், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தும் படுத்தும் கழித்துவிட்டு மாம்பலத்தில் இறங்கினேன். தோளில் ஒரு பை. அதற்குள் ஒரு மாற்றுச் சட்டை, மகளுக்காக மனைவி பாக்கியம் கொடுத்துவிட்ட அதிரசம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு மெலிந்த புத்தகம். சென்னைக்கு இதற்கு முன் நாலு தடவை வந்திருக்கிறேன். நாலும் கல்யாணம். ஒரு கவிதைப் புத்தகத்துக்காக வந்தது இதுதான் முதல் தடவை.

என்னைப் பற்றி இரண்டு வரி. மின்வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரை வாசிப்பேன். மிச்ச நேரத்தில் இந்தப் புத்தகத்தை வாசிப்பேன். 'முப்பத்தோர் அந்திகள்' என்று பெயர். எழுதியவர் அட்டையில் தன்னை 'அறைவாசி' என்று மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். சொந்தப் பெயர், படம், முன்னுரை எதுவும் கிடையாது. கடைசிப் பக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு சந்தின் பெயர், ஒரு கதவு எண், 'மாடி அறை' என்ற இரண்டு சொற்கள். அவ்வளவுதான் அந்த மனிதரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எடுத்தேன். முப்பத்தொரு கவிதையும் எனக்கு மனப்பாடம். தென்காசி மாவட்டத்திலேயே இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரே அரசு ஊழியன் நான்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

எல்லாம் கீது என்ற பெண்ணைப் பற்றிய கவிதைகள். நான்காம் கவிதை இப்படி இருக்கும்:

கதவுக்குப் பின்னால் கீது.
மூச்சை அடக்கி நான்.

ஒன்பதாவது:

விளக்கை அணைத்தால் கீது.
ஏற்றினால்
வெறும் சுவர்.

காதலித்துவிட்டு ஒற்றை அறையில் கிடக்கும் ஒருவனின் தவிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும் என்று டீக்கடையில் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். பதினேழாவது கவிதைதான் எனக்கு உயிர்:

மூன்றாம் படியில் கீது.
ஒதுங்கி ஏறினேன்.

தொடவில்லை, பேசவில்லை, ஒதுங்கி ஏறுகிறான். என்ன மரியாதை! அந்தக் கீது எப்படி இருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியும். ஒல்லியாக, மாநிறமாக, கழுத்தில் ஒரு மச்சத்தோடு இருப்பாள். புத்தகத்தில் மச்சம் கிடையாது. நானாக வைத்தது.

எனக்குப் பெண் பிறந்தபோது பாக்கியம் 'பூரணி' என்று பெயர் வைக்க ஆசைப்பட்டாள். நான் விடவில்லை. கீது என்று வைத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தையும் வைத்தேன். பாக்கியம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கீதுவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். சாயங்காலம் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பாள். நான் வாசலில் நின்று "கீது, உள்ள வா" என்பேன். ஓடி வருகிறவள் வாசற்படிக்கு வந்ததும் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்பாள். பெரியவர்கள் யாரோ முன்னால் போகக் காத்திருப்பதுபோல ஒரு விநாடி நின்றுவிட்டு, அப்புறம்தான் ஏறுவாள். பதினேழாம் கவிதை பிள்ளையின் ரத்தத்திலேயே ஊறிவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டேன். இப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அப்பா, என் பேரை மாத்தப்போறேன். கெஜட்ல போடணும். திங்கக்கிழமை அப்ளை பண்றேன். கோவப்படாதிய.' போன் போட்டுக் காரணம் கேட்டேன். சொல்லவில்லை. "அந்தக் கீது யாருன்னு கண்டுபிடிச்சிட்டு வாரேன். உயிரோட இருந்தா உன்னையக் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன். அதுக்குப் பொறவும் உனக்கு இந்தப் பேரு பிடிக்கலைன்னா மாத்திக்கோ" என்றேன். அவள் "சரிப்பா" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை 6.50. ரங்கநாதன் தெரு.

இந்தத் தெருவை நாலு தடவையும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது ஆள் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. ஒரு துணிக்கடை வாசலில் பொம்மைகளை உள்ளே எடுத்துவைக்காமல் வெளியிலேயே விட்டிருந்தார்கள். ஏழெட்டு பொம்மைகள், தலையோடு சேர்த்து வெள்ளை வேட்டியால் போர்த்திக் கயிறு கட்டி நின்றன. ஒன்றின் கை மட்டும் துணிக்கு வெளியே நீட்டியிருந்தது. வா என்று கூப்பிடுகிற கை. பெண் பொம்மைதான். நான் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தேன். ஏன் மாறினேன் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது.

உஸ்மான் சாலை முனையில் இட்லி சாப்பிட்டு முகம் கழுவிக்கொண்டேன். எட்டரை மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்தேன். மயிலாப்பூர் குளத்துக்கு நூற்றைம்பது ரூபாய் என்றார். வெங்கட்நாராயணா சாலை, நந்தனம், ஆழ்வார்பேட்டை வழியாக ஐந்தரை கிலோமீட்டர்.

ஓட்டுநர் ஈக்காட்டுத்தாங்கல்காரர். நாற்பது வயதிருக்கும். நந்தனம் சிக்னலில் கீது கூப்பிட்டாள். "கீது, வந்து சேந்துட்டேன். ஆட்டோல போய்ட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பொண்ணா சார்?"

"ஆமா."

"பேரு கீதுவா?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தப்பா நெனச்சுக்காத சார். எங்க ஊர்ல வந்து அந்தப் பேரைச் சொன்னா இன்னா பண்ணுவாங்க? 'கீது கீதா'ன்னு கேட்டா, 'கீது கீது'ன்னு சொல்லணும்."

சினிமாவில் இந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 'இருக்கிறது' என்பதை இவர்கள் 'கீது' என்பார்கள். நகைச்சுவை நடிகர்கள் பேசுகிற தமிழ் என்று அதை மனதில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அறைவாசியின் கவிதைகள் வேறு பெட்டி. இரண்டு பெட்டிக்கும் நடுவே கதவு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவிதையில் வருகிற பெயர் என்று கொஞ்சம் விறைப்பாகச் சொன்னேன். "அப்டியா சார், நல்லாத்தான் கீது" என்றார் அவர்.

காலை 9.15. மயிலாப்பூர்.

குளத்துக்குத் தெற்கே பாதிச் சாலையைத் தகரத் தடுப்புகள் விழுங்கியிருந்தன. பூமிக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிறார்கள். ஆட்டோ அதற்கு மேல் போகாது. பூக்கடைகளையும் ஒரு மாவு மில்லையும் தாண்டி நடந்தேன். சந்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதன் நுழைவாயிலில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும், உள்ளே போகப்போகக் குறுகும், கடைசியில் ஒரு ஓட்டு வீடு, அதன்மேல் பிற்பாடு கட்டிய ஒற்றை மாடி அறை. இவ்வளவு போதும்.

வீட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அந்தச் சின்ன ஜன்னல் எட்டாம் கவிதையில் வருகிறது. சுண்ணாம்பு உதிர்ந்த கைப்பிடிச் சுவர் இருபதாம் கவிதையில் வருகிறது. ஒரு தடவைகூட வராத வீட்டுக்குப் பல தடவை வந்து போனதுபோல எல்லாம் தெரிந்திருந்தது.

கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தலையில் முக்காடு, மூக்குக் கண்ணாடி, விரலில் ஊசி. பெயர் மெஹருன்னிசா என்று பிற்பாடு சொன்னார். அவருடைய மாமனார் காலத்திலிருந்து இந்த வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணத் துணிகளுக்கு ஜரிகை வைத்துத் தைக்கிறார்.

"இன்னா சார் வோணும்?"

"மாடி அறையில முந்தி ஒரு கவிஞர் இருந்தாரு. அவரைப் பத்தி..."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரூம்காரரா? அவரைக் கேட்டுக்கினு இத்தினி வருசத்துல ஒரு ஆள் வந்ததில்ல. அவரு எழுதுவாரான்னே எனக்குத் தெரியாது. உள்ள வாங்க. கரண்டு இல்ல. பம்ப்பு வயரு மாத்தறான்னு மெயினை எறக்கி வச்சுகீறேன்."

மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பகல் ஒன்பதரைக்கு அங்கே அரை இருட்டு. படிக்கு அடியில் மீட்டர் பலகை. தொழில் புத்தி, கண் தானாக அங்கே போனது. மெயின் சுவிட்ச் கீழே இறங்கித்தான் இருந்தது. ஆனால் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எங்காவது மின்சாரம் செலவானால்தான் அது மினுக்கும்.

"எங்கேயோ கசிவு இருக்கும்மா. வயரிங்கைப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டு பேர் பாத்துட்டாங்க சார். ஒண்ணும் இல்லைன்றாங்க. அதும்பாட்டுக்கு எரிஞ்சுக்கினு கீது" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறினார். நான் பின்னால் காலெடுத்து வைத்தேன். ஒன்று, இரண்டு. அவர் திரும்பிப் பார்க்காமலே, பால் கொதித்துவிட்டது என்று சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னார்:

"மூணாம் படில கீது. ஓரமா வாங்க."

அவர் சுவரோடு ஒட்டி, அந்தப் படியை மிதிக்காமல் தாண்டி ஏறினார். நான் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டேன்.

தமிழில் கீதைக்கும் அதே 'கீ'தான், கீரைக்கும் அதே 'கீ'தான். எழுத்தில் வித்தியாசம் கிடையாது. வாய்தான் பிரிக்க வேண்டும். நான் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்த முதல் நாளே கீதையில் வரும் கீ என்று முடிவு செய்துவிட்டேன். அறைவாசி எழுதியது கீரையில் வரும் கீ. மற்ற எல்லாச் சொற்களும் அச்சுத் தமிழாக இருக்க, ஒரே ஒரு சொல் மட்டும் இந்த வீட்டுத் தமிழ். கதவுக்குப் பின்னால் இருக்கிறது. விளக்கை அணைத்தால் இருக்கிறது. மூன்றாம் படியில் இருக்கிறது. அங்கே பெண்ணே இல்லை. மச்சமும் இல்லை. ஆயிரக்கணக்கான மீட்டர்களை ஒரு எண் பிசகாமல் வாசித்தவன், ஒற்றைச் சொல்லைத் தப்பாக வாசித்து அதைப் பெற்ற பிள்ளைக்குப் பெயராகவும் வைத்திருக்கிறேன்.

"இன்னா சார், நின்னுட்டீங்க?"

சுவரோடு ஒதுங்கி ஏறினேன்.

காலை 10.00. மாடி அறை.

பத்தடிக்கு எட்டடி இருக்கும். இப்போது துணி மூட்டைகள் வைத்திருக்கிறார்கள். மூட்டை ஒன்றின்மேல் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கதை சொன்னார்.

"நான் இந்த வூட்டுக்குக் கல்யாணம் ஆகி வந்து கொஞ்ச நாள்ல அவரு இங்க குடி வந்தாரு. தனி ஆளு. ஆபீசு போவாரு, வருவாரு. தெக்கத்திக்காரரு, உங்களாட்டம்தான் பேசுவாரு. வந்த புதுசுல ஒரு சாயங்காலம் படி ஏற வந்தவரு கீழயே நின்னுக்கினு, 'படியில யாரும்மா உக்காந்திருக்கா?'ன்னு கேட்டாரு. எனக்கு அப்ப இருவது வயசு. 'யாரும் இல்ல, ஆனா கீது'ன்னேன். அதுக்கு வேற பேரு எங்களுக்குத் தெரியாது. எங்க மாமனாரும் அப்டித்தான் சொல்லுவாரு. ஆம்பளைன்னும் சொல்ல முடியாது, பொம்பளைன்னும் சொல்ல முடியாது. கீது, அவ்ளோதான்."

"பயமா இல்லையாம்மா?"

"மொதல்ல பயம்தான். அது ஒண்ணும் பண்ணாது சார். வழி விட்டா போதும்."

செய்தித்தாளைப் பிரித்துப் புத்தகத்தைக் காட்டினேன். அவருக்கு உருது வாசிக்க வரும், தமிழ் எழுத்து அவ்வளவாக வராது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். நான் காதலாகப் படித்துப் பழகிய வரிகளைக் கீரையில் வரும் கீ போட்டுப் படிக்கப் படிக்க, அந்த அறையில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நான் வரி சொன்ன இடத்தையெல்லாம் அவர் தலையைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கதவு, சுவர், ஜன்னல். இடம் சரியா என்று சரிபார்க்கிறவர்போல. கடைசிக் கவிதை இரண்டே வரி.

நான் போன பின்னும்
கீது.

"அது நான் சொன்ன வார்த்தை" என்றார் மெஹருன்னிசா. "என் வார்த்தையைப் புஸ்தகத்துல போட்டுகீறாரே."

பூமிக்கு அடியில் மெட்ரோ எந்திரம் உறுமியது. ஜன்னல் கம்பிகள் கிடுகிடுத்தன. ஒரு நிமிஷத்தில் அது நின்றுவிட்டது. கம்பிகள் நின்ற பிறகும் படிக்கட்டுப் பக்கம் ஏதோ ஒன்று மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

எனக்குக் கவிஞர்மேல் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் இருந்ததை இருந்தபடி எழுதியிருக்கிறார். சொல்லப்போனால் அந்தக் கவிதைகள் இப்போதுதான் எனக்கு இன்னும் பெரியவையாகத் தெரிந்தன. என் கவலையெல்லாம் பெருங்குடியில் இருந்தது. மகளுக்கு நான் என்ன சொல்வேன்?

பகல் 12.40. மாடிப்படி.

டீ குடித்து, அவர் தைத்த துணிகளைப் பார்த்து, பேசிப் பேசி மத்தியானம் ஆகிவிட்டது. கிளம்பிப் படியில் பாதி இறங்கியிருப்பேன், போன் அடித்தது. கீது. சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுகிறாள். அந்தப் படிக்கட்டில் சிக்னல் சரியாக இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் போனில் குரல் கேட்கவில்லையென்றால் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். கத்தினேன்.

"கீது! கீது! கேக்குதா? நான் அஞ்சு மணிக்கு அங்க நிப்பேன். நீ வா! கீது, என்கூட வா!"

போன் அறுந்துவிட்டது. நிமிர்ந்தால், மேலே மெஹருன்னிசா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை. எனக்கும் கீழே, மூன்றாம் படியைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக அங்கிருந்து நகர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அல்லா. யாரைக் கூப்ட்டீங்க?"

"என் பொண்ணை. அவ பேரு..." எங்கள் ஊர் வாய்க்கு இரண்டு கீயும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மட்டும்தான் அவளைக் கீதையில் வரும் கீ போட்டுக் கூப்பிடுவார். வீட்டில் நாங்கள் எல்லோரும் கீரையில் வரும் கீதான். "அவ பேரு கீது."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினி வருசமா?"

"இருபத்துநாலு."

"தெனமும் கூப்டுவீங்களா? வா, உள்ள வா, சாப்ட வான்னு?"

"பிள்ளையை வேற எப்படிம்மா கூப்பிடுறது?"

"சார், கீதுன்னு சொல்லலாம். அது நெசம். ஆனா வா, போன்னு சொல்லக் கூடாது. எங்க நின்னு கூப்டுறீங்களோ அங்க வரும். எங்க மாமனார் எனக்கு மொத நாளே சொன்னது." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ரூம்காரருக்கும் சொல்லித்தான் வச்சோம். அவரு காலி பண்ணிக்கினு போற அன்னிக்கு, மூட்டையெல்லாம் வண்டில ஏத்திட்டுத் திரும்பி வந்தாரு. இந்தப் படிகிட்ட நின்னுக்கினு, 'எனக்கு வேற யாரு இருக்கா, நீ என்கூட வந்துடு'ன்னாரு. நான் என் காதால கேட்டேன். பாவம் சார், தனி ஆளு. ஒரு மாசம் கழிச்சு மாமனாருக்குக் கார்டு வந்துச்சு. அதுல நலமான்னுகூட எழுதல. 'இங்கேயும் கீது'ன்னு மட்டும் இருந்துச்சு."

"அப்ப இங்கே?"

"இங்கயும்தான் கீது. ஒண்ணு, ரெண்டுன்னு சொல்ற பொருளா அது?"

வாசல்வரை வந்து வழியனுப்பினார். முதலில் நான் வெளியே வந்தேன். அவர் உடனே வரவில்லை. கதவோரம் ஒதுங்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு விநாடி நின்றார். பிறகுதான் வாசலைத் தாண்டினார். இதே நிற்றலை எங்கள் வீட்டு வாசலில் நான் எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன்.

பிற்பகல் 2.30. மந்தைவெளியிலிருந்து பெருங்குடிக்கு.

மந்தைவெளியில் பஸ் ஏறினேன். ராஜா அண்ணாமலைபுரம் வழியாக அடையாறு போய், அங்கே வேறு பஸ் மாற வேண்டும். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. ஒரு அம்மாள் உட்காரலாம் என்று வந்தார், குனிந்தார், பிறகு ஏனோ நிமிர்ந்து பின்னால் போய்விட்டார். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். ஆற்றுப் பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்தது. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது.

கண்டக்டர் வந்தார். அடையாறு என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழிக்கப் போனவர் என்னையும் பக்கத்து இருக்கையையும் பார்த்துவிட்டு, "ரெண்டா?" என்றார்.

"ஒண்ணு."

அவர் மறுபடியும் பார்த்தார். ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டிருக்கலாம், அந்த அம்மாளுக்கு முதுகுவலி இருந்திருக்கலாம். நான் பயந்த சுபாவக்காரன் இல்லை. கடிநாய், தேன்கூடு, மீட்டர் பெட்டிக்குள் பாம்பு எல்லாம் பார்த்தவன். ஆனாலும் அடையாறு வரும்வரை பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒதுங்கி வழி விட்டேன்.

மாலை 5.05. பெருங்குடி.

கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் குப்பைக் கிடங்கிலிருந்து வரும் நாற்றம். கீது அலுவலக வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கூப்பிடலாம் என்று வாய் திறந்தேன், சொல் வெளியே வரவில்லை. பெற்ற மகளைக் கூப்பிட எனக்குச் சொல் இல்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

அவள் தங்கியிருந்த அறை நடக்கும் தூரத்தில் இருந்தது. இன்னும் இரண்டு பெண்களோடு பங்கு. போகிற வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டே நடந்தேன். சொல்லின் பொருளைச் சொல்லிவிடுவது, அழைக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது. சின்னப் பிள்ளையைப் போட்டு எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

"அந்தப் பேரு ஒரு பொண்ணோட பேரு இல்லைம்மா" என்று ஆரம்பித்தேன். "'இருக்கு'ங்கிறதைத்தான்..."

"தெரியும்பா. வேலைக்குச் சேந்த மொத நாளே தெரியும். செக்யூரிட்டி அண்ணன் என் கார்டைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"எனக்கு ஏம்மா சொல்லலை?"

"சாமி படத்துக்குப் பக்கத்துலல்லா அந்தப் புஸ்தகத்தை வச்சிருக்கிய. எப்படிப்பா சொல்லுவேன்?"

பையிலிருந்த அதிரசப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "கேலி பண்ணுதாங்கன்னுதான் மாத்துதியா?"

"அதுக்கு இல்ல." அறை வந்துவிட்டது. அவள் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திறக்காமல் நின்றாள். "சின்ன வயசுல நான் ஏன் வாசல்ல நின்னு நின்னு வருவேன்னு நீங்க என்னைய ஒரு தடவையாவது கேட்டியளா?"

"மரியாதைன்னு நெனச்சேன்."

"நீங்க 'கீது, உள்ள வா'ம்பிய. எனக்கு முன்னாடி ஒண்ணு உள்ள போவும்பா. அது போன பொறவுதான் நான் வருவேன். எல்லார் வீட்லயும் அப்படித்தான்னு நெனச்சேன். பெருசானப்புறம் அம்மாகிட்ட ஒரு தடவை சொன்னேன். அப்பாகிட்ட சொல்லாத, வருத்தப்படுவாருன்னு சொல்லிட்டா. இங்க வந்த பொறவு ரெண்டு வருசமா ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க போன்ல என் பேரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பின்னால யாரோ திரும்புத மாதிரி இருக்கு. என்னால முடியலப்பா."

பெற்றவன் என்று பெயருக்கு இருந்திருக்கிறேன். முப்பத்தொரு கவிதையை ஒரு எழுத்து விடாமல் கவனித்தவன், வாசலில் நின்ற பிள்ளையைக் கவனிக்கவில்லை. அங்கேயே அறை வாசலில் நின்று அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்தாள். திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள். இந்தத் தடவை நானும் அவளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். ஒரு விநாடி கழித்துத்தான் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

உள்ளே மேசையில் பெயர் மாற்றும் படிவம் இருந்தது. எல்லாம் நிரப்பியிருந்தாள். புதிய பெயர் என்ற இடம் மட்டும் காலி.

"நீங்களே ஒண்ணு சொல்லுங்கப்பா. புஸ்தகத்துல இருந்து மட்டும் வேண்டாம்."

"உங்க அம்மா அன்னைக்கே ஒரு பேரு வச்சிருந்தா" என்றேன். பேனாவை வாங்கி என் கையாலேயே எழுதினேன். பூரணி. அதில் எந்த எழுத்தையும் இரண்டு விதமாக வாசிக்க முடியுமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. சங்கரன்கோவில்.

வெள்ளிக்கிழமை இரவே தாம்பரத்தில் ரயில் ஏறிவிட்டேன். சென்னையைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஒரு நிம்மதி வரும், இரைச்சலும் புழுக்கமும் முடிந்தன என்று. இந்தத் தடவை அது வரவில்லை. மயிலாப்பூரில் அந்த வீட்டார் தங்களிடம் இருப்பது இன்னதென்று தெரிந்துகொண்டு, அதற்கு வழிவிட்டு, ஜரிகை தைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நாங்கள் இருபத்துநாலு வருஷம் தெரியாமலே இருந்திருக்கிறோம். ஊர் வந்து சேரும்வரை எனக்குள் இந்த ஒப்பீடு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டு வாசலுக்கு மூன்று படி. நான் கட்டியதுதான். கட்டும்போது எண்ணிக்கை பற்றி யோசித்ததாக நினைவில்லை.

பாக்கியம் வாசல் தெளித்துவிட்டு, வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். "கீது எப்படி இருக்கா?" என்று தொடங்கியவளைக் கையமர்த்தினேன்.

"பூரணி நல்லா இருக்கா" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "பூரணி" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"தீபாவளிக்கு வருவா."

பையை எடுத்துக்கொண்டு ஏறப் போனேன். இரண்டு படி ஏறியதும் கால் நின்றது. கைப்பிடிச் சுவரோடு ஒதுங்கினேன். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கூடம், சாமி படம், அதன் பக்கத்தில் புத்தகம் இருந்த வெற்றிடம். ஒரு விநாடி. இன்னொரு விநாடி.

பின்னாலிருந்து பாக்கியம் கேட்டாள். "அவதான் வரலையே. பொறவு யாருக்கு வழி விடுதிய?"

என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. இருபத்துநாலு வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்த சொல். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை அழைப்பாக இல்லாமல், முற்றுப்புள்ளி வைத்துச் சொன்னேன்.

"கீது."